மீனம்பாக்கத்தில் அழக்கூடாது

எண்பதுகளின் நடுவில், திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகுட்டிகளோடு விமானம் ஏற வேண்டியிருந்தவர்கள், குப்பாயியைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி வாங்கவே போனார்கள். குப்பாயி விமானத்தில் ஏறியவள் இல்லை. ஏறும் ஆசையும் அவளுக்கு இருந்ததில்லை. தரையில் ஓடுகிற பஸ்ஸே அவளுக்கு ஆத்தூர் தாண்டினால் வயிற்றைப் புரட்டும். ஆனால் மூன்று வயதுப் பையனை எந்த இடம் வரை நடக்கவிடலாம், எந்த இடத்தில் இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டும், காது அடைத்தால் வாயில் எதைப் போட வேண்டும் என்று கேட்டால் பளிச்சென்று சொல்வாள். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. அவள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனதால், இவளைப் பிறந்தவுடன் குப்பைமேட்டில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். பெயரின் ராசியோ என்னவோ, காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. கல்யாணம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "அந்த ஊருத் தண்ணி உப்புங்க" என்றாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க யாராலும் முடியவில்லை. அன்றிலிருந்து தம்பி கந்தப்பன் வீடுதான் அவள் வீடு. நாலு ஏக்கர் காடு, அதில் பாதி குச்சிக்கிழங்கு, பாதி நிலக்கடலை, இரண்டு எருமை. எல்லாவற்றுக்கும் அவள்தான் அதிகாரி.

ஒப்பாரி பாடுவதிலும் குப்பாயிக்குப் பெரிய பெயர் உண்டு. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் விட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் உள்ள பெண்களின் தோளில் கை போட்டு, ஒப்பாரிக்குக் குரலெடுத்தால் அடுத்த ஊரில் மாடு மேய்ப்பவன் தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பான். செத்தவர் பெருமையைப் பாட்டில் அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துச் சுப்பம்மாளுக்கும் அவளுக்கும் வரப்புச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ வருடம். அந்தச் சுப்பம்மாள் செத்தபோதும் குப்பாயி போய், பெற்ற தாயைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதுவிட்டு வந்தாள். "சண்டை வேற, சாவு வேற" என்பது அவள் கணக்கு.

கந்தப்பன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் மெக்கானிக். எண்பத்தொன்றில் ஒரு கம்பெனி அவனை மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. போகும்போது மகள் காளியாத்தாளுக்கு மூன்று வயது. மனைவி செல்லியம்மாள் வயிற்றில் இன்னொன்று. அது பையனாகப் பிறந்து அர்த்தநாரி என்று பெயர் வைத்த சேதி தந்தியில்தான் அவனுக்குப் போனது. அடுத்த வருடமே மனைவி மக்களுக்கு விசா வாங்கி அனுப்பினான். மீனம்பாக்கத்தில் ஏறிப் பம்பாயில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கூட வேலை செய்யும் பள்ளிபாளையத்துச் சென்றாயன் லீவில் வந்திருந்தான். திரும்பிப் போகும்போது அவனோடேயே அனுப்புவதாக ஏற்பாடு.

அந்த முதல் பயணத்தைப் பற்றிக் குப்பாயி பிற்பாடு பேசும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். தூரதேசம் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? ஒரு வாரமாகச் சொந்தக்காரர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் விருந்து. ஒரு வீட்டில் சந்தகையும் கோழிக்குழம்பும் என்றால் அடுத்த வீட்டில் ஒப்பிட்டும் நெய்யும். கிளம்புகிற அன்று காலையிலும் மூன்று வீட்டில் சாப்பாடு. பிறகு ஒரு வேன், ஒரு கார் நிறைய ஆட்கள். காளியாத்தாள் ஆத்தூரில் ஒரு தடவை, கள்ளக்குறிச்சியில் ஒரு தடவை, விழுப்புரத்தில் ஒரு தடவை கக்கிவிட்டு, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது வாடிய கீரைத்தண்டாக இருந்தாள்.

அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். விமான நிலைய வாசலில், உள்ளே போக வேண்டிய நேரம் வந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்கள் செல்லியம்மாளைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். பிரிந்து போகிறவர்களுக்காக வாய்விட்டு அழாவிட்டால் அப்புறம் என்ன உறவு? 'ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா பாரு அவ கண்ணுல' என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். குப்பாயியும் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம், வாசல் ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், இரண்டு பக்கமும் தோளில் கை போட்டாள், குரலெடுத்தாள்.

காளியாத்தாள் அந்தக் குரலையும் அந்த உட்காரும் விதத்தையும் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தாள். சுப்பம்மாளைப் பாடையில் வைத்துத் தூக்குவதற்குச் சற்று முன்னால். அன்று அப்படி எல்லாரும் அழுத பிறகு சுப்பம்மாள் எங்கோ போனாள், திரும்பி வரவில்லை. இன்று அம்மாவை நடுவில் வைத்து அதேபோல அழுகிறார்கள். நாலு வயதுக் குழந்தை என்ன நினைக்கும்? "எங்கம்மாவ எங்கயும் தூக்கிட்டுப் போவாதீங்க" என்று அலறிக்கொண்டு வாசல் கம்பியைக் கட்டிக்கொண்டது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால் மறுபடி பிடிக்கிறது. கைக்குழந்தை அர்த்தநாரியும் சேர்ந்துகொண்டான். சென்றாயன் கடிகாரத்தைப் பார்க்கிறான், காவல்காரர் உள்ளே வரச் சொல்கிறார், செல்லியம்மாளுக்கு மயக்கம் வருகிறது. கடைசியில் சென்றாயன் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். வேனில் போனவர்கள் எல்லாரும் போன மாதிரியே வேனில் திரும்பி வந்தார்கள். மஸ்கட்டில் கந்தப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டபோது, குப்பாயி அன்று முழுக்க எருமையிடம்கூடப் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சென்றாயன் மறுபடி லீவில் வந்தான். கந்தப்பன் தன் லீவை விட்டுக்கொடுத்து, கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குடும்ப வீடு வாங்கியிருக்கிறான் என்றான்.

"இந்தத் தடவையும் ஆளுக வரலீன்னா ஊட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாமுங்க" என்றான். "கந்தப்பண்ணன் பையன் மூஞ்சிய இன்னும் பாக்கலீங்க. போட்டோவக் கட்டில் தலமாட்டுல ஒட்டி வெச்சுக்கிட்டு இருக்குது."

செல்லியம்மாள் நாத்தனாரைப் பார்த்தாள். அவர்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்று அழைப்பார்கள். "நங்கை, இவ மறுபடியும் கம்பியப் புடிச்சுக்கிட்டான்னா நான் என்ன பண்ணட்டுமுங்க?"

"புடிக்க மாட்டா" என்றாள் குப்பாயி. "அத என்கிட்ட உடு."

மறுநாளே சென்றாயனைப் பிடித்து உட்கார வைத்து, விமான நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆதியோடந்தமாகக் கேட்டாள். எந்த இடத்தில் பெட்டியை வாங்கிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் போலீஸ்காரர் உடம்பைத் தடவிப் பார்க்கிறார், உட்கார்ந்தால் எதை வைத்துக் கட்டுகிறார்கள், கக்கூஸ் எந்தப் பக்கம். சென்றாயன் மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்தான். மூன்று தடவையும் மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

பிறகு வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அதுதான் விமானம் என்றாள். செல்லியம்மாள் ஒரு பக்கம், பிள்ளைகள் இரண்டும் நடுவில். மாட்டுக்குக் கட்டும் தாம்புக்கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "இப்ப மேல போவுது. காது அடைக்கும். என்ன பண்ணோணும்?" என்பாள். பிள்ளைகள் உடனே வாயைத் திறக்க வேண்டும். ஆளுக்கொரு கமர்கட்டு விழும். அர்த்தநாரிக்கு இது பிடித்துப்போய், காலையில் கண் விழித்ததும் கட்டிலில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். போலீஸ் வேலையையும் குப்பாயியே பார்த்தாள். பிள்ளைகளின் அக்குளில் தடவிப் பார்த்து, "சரி, போலாம்" என்பாள். அவர்கள் நெளிந்து சிரிப்பார்கள். அந்தத் தடவலைப் பற்றிச் சென்றாயன் சொன்னதிலிருந்து அர்த்தநாரி இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றிக் கறுப்புக் கயிறு கட்டினாள். பிள்ளை வெள்ளி போட்டதற்காகப் போலீஸ் பிடித்து நிறுத்த வேண்டாமே.

விருந்து விஷயத்தில் ஈவிரக்கம் காட்டவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட வேண்டும், கிளம்புகிற அன்று இட்லியும் சர்க்கரையும் தவிர வேறு எதையும் பிள்ளை வாயில் வைக்கக்கூடாது என்று வீடுவீடாகச் சொல்லி வந்தாள். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். வண்டியும் ஒன்றுதான், வேன் கிடையாது என்றாள். அதையும் ஒத்துக்கொண்டார்கள். அழக்கூடாது என்றதும்தான் சண்டை வந்தது.

"ஊருக்குப் போறவங்கள அழுவாமத் தாட்டி உட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்?" என்றாள் பெரியம்மா ராமாயி. "ஊருக்கெல்லாம் அழுவறவ நீயே இதச் சொல்லலாமா சாமி?"

"அழுவ வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்? மீனம்பாக்கத்துல அழுவ வேண்டாம்னுதான் சொல்றேன். வியாழக்கெழம வண்டி கெளம்புது. புதங்கெழம மத்தியானம் எல்லாரும் வாங்க. உக்காந்து வேணுங்கற மட்டும் அழுவுங்க. காப்பித்தண்ணி வெச்சு, கடலக்காயி வறுத்து வெக்கச் சொல்றேன். புள்ளைங்க ரெண்டையும் நான் அக்கட்டக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

அழுகைக்கு நாள் குறித்த ஊர் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். சொன்னபடி புதன்கிழமை குப்பாயி பிள்ளைகளைப் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டவுன் பஸ் பிடித்துச் சூரமங்கலம். விமான நிலையத்துக்கு ஒத்திகை பார்க்க ரயில் ஜங்ஷனை விட்டால் வேறு நல்ல இடம் அவளுக்குத் தெரியவில்லை. பிளாட்பாரம் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வைத்தாள். டிக்கெட்டைக் காளியாத்தாளே கேட்டில் நீட்டினாள். துணிப்பையைப் பெட்டியாகப் பாவித்து ஒரு போர்ட்டரிடம் கொடுத்து, கொஞ்ச தூரம் தூக்கிப் போய்விட்டுத் திரும்பக் கொடுக்கச் சொன்னாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் செய்தான். பிறகு கேட்டுக்கு வெளியே தான் நின்றுகொண்டு, பிள்ளைகளை மட்டும் உள்ளே நடக்கச் சொன்னாள்.

"அத்தெ இங்கயே நிப்பேன். கையக் காட்டிட்டு நேராப் போவோணும். என்ன?"

காளியாத்தாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, கையைக் காட்டிவிட்டு நேராகப் போனாள். ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. குப்பாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசல் முழுக்கக் கடலைத் தோல். செல்லியம்மாள் முகம் பணியாரம் போல வீங்கியிருந்தது. "நல்லா அழுதோமுங்க" என்றாள் திருப்தியாக. ராமாயி பெரியம்மாதான் பாட்டு எடுத்தாளாம். குரல் எடுபடவில்லையாம். குப்பாயி, "அது கெடக்குது, வேலை முடிஞ்சுதல்ல" என்று சொல்லிவிட்டு வாசலைக் கூட்டினாள். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் அழுது முடித்தாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். அழாமல் பாக்கியிருந்தது தான் ஒருத்திதான் என்பது கூட்டி முடிக்கும்வரை அவள் மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது, அதற்கென்ன, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்குமாற்றைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை செல்லியம்மாளின் அண்ணன் காளியண்ணனுடைய அம்பாசிடரில் கிளம்பினார்கள். வாசலில் எல்லாரும் சிரித்த முகமாக நின்று கையாட்டினார்கள். ராமாயி பெரியம்மா மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். ஆத்தூரில் யாரும் கக்கவில்லை, குப்பாயியைத் தவிர. விழுப்புரத்தில் இறங்கி எல்லாரும் ஒன்றுக்குப் போனார்கள். மீனம்பாக்கத்தில் சென்றாயன் முன்பே வந்து காத்திருந்தான். அர்த்தநாரி சென்றாயன் தோளில் ஏறிக்கொண்டு, விமானம் எங்கே, கமர்கட்டு எங்கே என்று கேட்டான்.

எல்லாம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாசல் காவல்காரரிடம் டிக்கெட்டைக் காளியாத்தாளே நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். செல்லியம்மாள் உள்ளே ஓர் அடி வைத்தாள். சென்றாயனும் வைத்தான். காளியாத்தாள் கையைக் காட்டத் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"அத்தெ, நீங்க அழுவலீங்களா?"

"இல்ல சாமி. அத்தெ எதுக்கு அழுவறேன்? கையக் காட்டிட்டுப் போ கண்ணு."

"ஆருமே அழுவலீங்களே. காத்தாலயும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

"நல்லதுதான?"

காளியாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். ஆறு வயதில் முகம் அவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்று குப்பாயி அதுவரை அறியவில்லை. "சுப்பம்மாப் பாட்டிக்கு அழுதீங்க. அவங்கள உங்களுக்குப் புடிக்கவே புடிக்காது. எனக்கு மட்டும் ஏன் அழுவ மாட்டீங்கறீங்க?"

சொல்லிவிட்டு, கையிலிருந்த சின்னப் பெட்டியை வாசலுக்கு நேராகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்த குடும்பம் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. காவல்காரர், "என்னம்மா, உள்ள போங்க" என்றார். சென்றாயன் கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளேயிருந்து செல்லியம்மாள், "நங்கை" என்று குரல் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருடத்துப் பயம் முழுக்க இருந்தது.

காளியண்ணன் குப்பாயியின் காதோரம், "ஏனுங்க, ரெண்டு சொட்டு அழுதுருங்க. நேரமாவுது" என்றான்.

குப்பாயி அழப் பார்த்தாள். வரவில்லை. ஊர்ச் சாவுக்கெல்லாம் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த குரல், தன் வீட்டுப் பிள்ளைக்கு எழும்பவில்லை. பாட்டின் முதல் வரியைத் தேடினாள். கிடைக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி அடுக்கத் தெரியும். திருச்செங்கோட்டுச் சந்தையில் வாங்கிய ரோஸ் கவுனும் இரட்டைச் சடையுமாகப் பெட்டிமேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளையைப் பற்றி என்ன பாடுவது? ராத்திரி இடுப்பில் கால் போட்டுத் தூங்கும். சோற்றில் மிளகாய் கிடந்தால் பொறுக்கி அவள் வட்டிலில் போடும். நாளைக்கு யார் போடுவார்கள்?

அந்த இடத்தில் அது வந்துவிட்டது. பாட்டில்லை, ராகமில்லை, ஒரு வார்த்தையில்லை. நின்றபடியே, முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், வாயைப் பிளந்துகொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, தோட்டைத் தொலைத்த சிறுமி மாதிரி அழுதாள். அவளைத் தெரிந்தவர் யார் பார்த்திருந்தாலும் இது குப்பாயியின் அழுகை என்று நம்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவு மோசமாக இருந்தது. காவல்காரர் திரும்பிக்கொண்டார்.

போச்சு, இப்போது பிள்ளை கம்பியைப் பிடிக்கப்போகிறது என்று அழுகைக்கு நடுவிலும் குப்பாயி கையை நீட்டினாள்.

காளியாத்தாள் பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். கவுனின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள், மூக்கையும் துடைத்தாள். முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"போதுங்க அத்தெ" என்றாள். "நெறைய அழுதுட்டீங்க. நான் போயிட்டு வாரேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையைக் காட்டிவிட்டு, நேராக உள்ளே போய்விட்டாள்.

குப்பாயியால்தான் நிறுத்த முடியவில்லை. செங்கல்பட்டு வரை அழுதாள், திண்டிவனம் வரை அழுதாள். விழுப்புரத்தில் காளியண்ணன் வண்டியை நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தபோது சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். இன்னொன்றும் கேட்டு வாங்கினாள். காளியண்ணன் தேற்ற வாயெடுத்தபோது, "உடுங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் ராமாயி பெரியம்மா முதல் ஆளாக ஓடி வந்தாள். "என்னாச்சு சாமி? ஏறிட்டாங்களா? புள்ள அழுதுச்சா?"

"அது எதுக்குங்க அழுவுது?" என்றாள் குப்பாயி, வீங்கிய கண்ணோடு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்க்கொண்டே. "நான்தான் அழுதேன். அது தேத்திட்டுப் போச்சு."